அலரும் அறமும்

நுழையும்முன்

துயரைப் பிறரிடம் எடுத்துரைப்பது எளிய செயலன்று. சொன்ன செய்தி வெளியே செல்லாது என்னும் நம்பிக்கையால்தான் ஒருவர் மனந்திறந்து பேசுகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பது ஆற்றுப்படுத்துநரின் முதற்கடமை. ஆனால், அவர் காத்துவரும் மறைபொருளால் மற்றோர் உயிருக்குத் தீங்கு நேருமெனில் அவர் என்ன செய்ய வேண்டும்? தமிழ் அகமரபும் இன்றைய சட்டமும் இவ்வினாவிற்குக் கண்ட விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சொல்லும் பணியும்

‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்று பொருள். பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு கலைஞருக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டுவதை ‘ஆற்றுப்படை’ என்றனர் பண்டைத் தமிழர். அச்சொல்லின் வழிவந்த ‘ஆற்றுப்படுத்துதல்’ என்பது, இன்று மனத்துயரில் தவிப்போர்க்கு வழிகாட்டும் பணியைக் குறிக்கிறது. பள்ளிகள், அரசு மருத்துவமனைகள், குடும்பநல நீதிமன்றங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகங்கள் எனப் பல இடங்களில் ஆற்றுப்படுத்துநர்கள் பணியாற்றுகின்றனர்.

மருத்துவருக்கு மருந்தும் கருவியும் துணை. ஆற்றுப்படுத்துநருக்கோ நாடி வருபவரின் சொற்களே துணை. பாதி உண்மையைக் கேட்டு முழு வழியைக் காட்ட இயலாது. எனவே, மறைகாத்தல் இப்பணிக்கு இன்றியமையாத அடிப்படையாகிறது. நோயாளியிடம் அறிந்தவற்றை வெளியிடாமை, பண்டைக் கிரேக்கத்தின் இப்போக்கிரட்டீசு உறுதிமொழியிலேயே இடம்பெற்றுள்ளது. உலக மருத்துவக் கழகம் 1948ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட ஜெனீவா உறுதிமொழியும் இக்கடமையை வலியுறுத்துகிறது.

ஊரின் அளவு சிறுக்கும்போது இக்கடமையின் அருமை பெருகுகிறது. சேலத்தை அடுத்து, உளுந்தூர்ப்பேட்டை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பேரூர் அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோயிலால் பெயர்பெற்ற இத்தகைய ஊர்களில், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரும் தேநீர்க்கடையில் அமர்ந்திருப்பவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருப்பர். பெருநகரத்தில் ஒருவர் ஆற்றுப்படுத்துநரின் அறைக்குள் நுழைவதை எவரும் கவனிப்பதில்லை. சிற்றூரிலோ அவர் அங்கே நுழைந்தார் என்பதே ஒரு செய்தியாகிவிடும். ஆகவே, நாடி வந்தவர் கூறியவற்றோடு, அவர் வந்தார் என்பதையும் மறைத்துக் காக்க வேண்டிய பொறுப்பு ஆற்றுப்படுத்துநருக்கு உண்டு.

அகமரபு காட்டும் நெறி

மறைகாத்தலைத் தமிழர் இலக்கிய இலக்கணமாகவே வகுத்திருந்தனர். அகத்திணைப் பாடல்களில் தலைவன், தலைவி ஆகியோரின் இயற்பெயர் இடம்பெறுதல் கூடாது என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ஒருவரின் காதலும் கண்ணீரும் உலகிற்குப் பாடமாகலாம். ஆனால், அவர் இன்னார் என்பது உலகிற்குத் தெரிய வேண்டியதில்லை. நாடி வந்தவரின் பட்டறிவைப் பயிற்சிக்கோ ஆய்வுக்கோ எடுத்துக்காட்டும்போது பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிடும் இன்றைய நெறி இதனோடு ஒத்துச் செல்கிறது.

களவு வாழ்வில் தலைவியின் மறையை அறிந்தவள் தோழி. அவள் அதனை எவரிடமும் கூறாமல் காக்கிறாள். ஆனால், ஊரார் சும்மா இருப்பதில்லை. சிலர் மட்டும் அறிந்து தமக்குள் முணுமுணுப்பதை ‘அம்பல்’ என்றும், பலரும் அறிய வெளிப்படையாகப் பேசுவதை ‘அலர்’ என்றும் அகமரபு குறிப்பிடுகிறது. அலரால் தலைவி நாணி வருந்துகிறாள், வீட்டுக்காவலுக்கும் உள்ளாகிறாள்.

தலைவியின் மெலிவிற்குக் காரணம் அறியாத தாய், வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். அயலார் மகட்பேசி வருகின்றனர். இனியும் வாய் திறவாதிருந்தால் தலைவியின் உயிருக்கே இடையூறு நேரும் என்னும் நிலையில் தோழி பேசுகிறாள். அவ்வாறு பேசுவதற்கு அகமரபு இட்ட பெயர் ‘அறத்தொடு நிற்றல்’. அது நிகழும் முறைகளைத் தொல்காப்பியம் ஏழாக வகுத்துள்ளது. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உணர்த்துவது அதன் ஒழுங்கு. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் சிறப்பை அறிவுறுத்தக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு முழுவதும், தோழி செவிலியிடம் அறத்தொடு நிற்கும் கூற்றாகவே அமைந்துள்ளது.

அலர் தூற்றும் ஊராரும் அறத்தொடு நிற்கும் தோழியும் வெளிப்படுத்துவது ஒரே செய்தியைத்தான். ஆயினும், முன்னது பழியாகவும் பின்னது அறமாகவும் கருதப்படுகின்றது. ஊரார் கேட்பவர் எல்லாரிடமும் பேசுகின்றனர். தோழி உரிய ஒருவரிடம் மட்டுமே பேசுகிறாள். ஊரார் பொழுதுபோக்கிற்காகப் பேசுகின்றனர்; தோழி தலைவியின் உயிரைக் காக்கப் பேசுகிறாள். ஊரார் பேச்சு தலைவிக்குத் தெரியாமல் பரவுகிறது. தோழியோ தலைவியின் உள்ளக்கருத்தை அறிந்தே பேசுகிறாள். மறைபொருளை வெளியிட நேரும் ஒவ்வொரு வேளையிலும் ஆற்றுப்படுத்துநர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது: நிகழப்போவது அலரா, அறத்தொடு நிற்றலா?

நீதிமன்றம் கண்ட இரு வழக்குகள்

இவ்வினா நீதிமன்றங்களின் முன்னும் எழுந்தது. 1995ஆம் ஆண்டு நாகாலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவத்திற்காக நோயாளி ஒருவருக்குத் துணையாகச் சென்னை வந்தார். அந்நோயாளிக்குக் குருதி தேவைப்பட்டபோது, மருத்துவரும் குருதிக்கொடை அளிக்க முன்வந்தார். அவரது குருதியைச் சோதித்தபோது எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. அவ்வாண்டின் இறுதியில் நடைபெறவிருந்த அவரது திருமணம் இச்செய்தியால் நின்றுபோனது. அவர் சார்ந்த சமூகம் அவரை ஒதுக்கியது. அவர் தம் ஊரை விட்டுச் சென்னைக்கே குடிபெயர நேர்ந்தது. மருத்துவமனை மறைகாக்கத் தவறியது எனக் கூறி, அவர் இழப்பீடு கோரி வழக்குத் தொடர்ந்தார்.

உச்சநீதிமன்றம் 1998ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. மறைகாக்கும் கடமை உண்டு. ஆயினும், அஃது எல்லையற்றதன்று. மணமகளாக வரவிருந்த பெண்ணின் உடல்நலத்திற்கும் உயிருக்கும் உரிய உரிமை இங்கு மேலோங்கும் என நீதிபதிகள் கூறி, அவரது கோரிக்கையை ஏற்க மறுத்தனர். எச்.ஐ.வி. தொற்றுடையோரின் திருமண உரிமை குறித்தும் அத்தீர்ப்பு சில கருத்துகளை உரைத்திருந்தது. அவ்வழக்கிற்கு அக்கருத்துகள் தேவையற்றவை என 2002ஆம் ஆண்டு மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவுபடுத்தியது. தீர்ப்பின் ஏடுகளில் அம்மருத்துவர் ‘எக்ஸ்’ என்றும், மருத்துவமனை ‘இசட்’ என்றும் குறிக்கப்பட்டுள்ளமை இங்கு எண்ணத்தக்கது.

இவ்வழக்கில் அறிய வேண்டியவர் மணமகளாக வரவிருந்த ஒருவரே. ஆனால், செய்தியை அறிந்ததோ ஒரு சமூகம். அப்பெண்ணின் உரிமையை ஏற்பது, ஊரார் அனைவர்க்கும் அவ்வுரிமை உண்டென ஏற்பதாகாது. மருத்துவரின் வாழ்வைச் சிதைத்தது அவர் சுற்றத்தாரிடையே எழுந்த அலரேயாகும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1969ஆம் ஆண்டு நடந்தது. அங்குப் பயின்ற இந்திய மாணவர் ஒருவர், தாம் விரும்பிய பெண்ணைக் கொல்லும் எண்ணத்தைத் தம் உளவியலாளரிடம் வெளியிட்டார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். காவலர்கள் மாணவரை விசாரித்து, அவர் தெளிவாக இருப்பதாகக் கருதி விடுவித்தனர். அப்பெண்ணையோ அவர்தம் பெற்றோரையோ எவரும் எச்சரிக்கவில்லை. சில மாதங்களுள் அப்பெண் கொலையுண்டார். டாரசாஃப் வழக்கு எனப்படும் இவ்வழக்கில், தீங்கிற்கு உள்ளாகக்கூடியவரைக் காக்கும் பொறுப்பு உளநலப் பணியாளருக்கு உண்டு எனக் கலிபோர்னிய உச்சநீதிமன்றம் 1976ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

முதல் வழக்கில் அறிய வேண்டாதவர்கள் அறிந்தனர். இரண்டாம் வழக்கில் அறிய வேண்டியவர் அறியவில்லை. இரண்டாலும் விளைந்தது கேடே.

தெரியுமா?

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன.

சட்டம் வகுத்த படிகள்

தனியுரிமை அடிப்படை உரிமையே என உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் செய்திகளைக் காக்கும் உரிமையை உறுதிசெய்தது. பிறருக்குத் தீங்கோ வன்முறையோ நேராமல் தடுக்க வேண்டிய நிலை, உயிருக்கு இடையூறு, நீதிமன்ற ஆணை முதலிய சில விலக்குகளை அச்சட்டம் ஏற்கிறது. பிறரைத் தீங்கிலிருந்து காப்பதற்காக வெளியிடும்போதும், அதற்குத் தேவையான செய்தியை மட்டுமே வெளியிடலாம் என வரையறுக்கிறது.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டமும் 2017ஆம் ஆண்டில் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. தொற்றுள்ளவரின் வாழ்க்கைத்துணைக்கு உண்மையைத் தெரிவிப்பது குறித்து அது தெளிவான படிகளை வகுத்துள்ளது. மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் மட்டுமே தெரிவிக்கலாம். துணைவருக்குத் தொற்று ஏற்படும் இடர் மிகுதி என நம்புவதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும். தொற்றுள்ளவரே தம் துணைவரிடம் கூறுமாறு முதலில் ஆற்றுப்படுத்த வேண்டும். அவர் கூறமாட்டார் என்பது உறுதியான பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். அப்போதும், தெரிவிக்கப்போவதை அவருக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். துணைவரிடம் நேரில், ஆற்றுப்படுத்தலோடு மட்டுமே தெரிவிக்க வேண்டும்.

இச்சட்டத்தில் மற்றுமொரு நுட்பம் உண்டு. உண்மையைத் தெரிவித்தால், தொற்றுள்ளவர் வன்முறைக்கு ஆளாகவோ கைவிடப்படவோ கூடும் என்னும் அச்சத்திற்கு, குறிப்பாகப் பெண்கள் நிலையில், தக்க காரணம் இருப்பின் துணைவருக்குத் தெரிவிக்கக் கூடாது. ஒரே உண்மை, வலியவர் கையில் ஒரு விளைவையும் எளியவர் கையில் வேறொரு விளைவையும் உண்டாக்கும் என்பதைச் சட்டம் உணர்ந்துள்ளது.

ஒரு சூழல்: எண்ணிப் பார்க்க

நெறிகளின் உண்மைப் பொருள் நடைமுறையில்தான் விளங்கும். நாமக்கல், சங்ககிரி, சேலம் வட்டாரம் சரக்குந்துத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பல மாநிலங்களுக்கும் வண்டியோட்டி, வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வாழும் ஓட்டுநர்கள் இங்கு மிகுதி. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. சோதனையும் ஆற்றுப்படுத்தலும் நடைபெறும் இடங்களுக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். அயோத்தியாப்பட்டணத்தைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் அத்தகைய மையத்திற்குச் சென்று, தமக்குத் தொற்று இருப்பதை அறிவதாகக் கொள்வோம். இது பாடத்திற்காகப் புனைந்த சூழலாகும்.

“வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாதுங்க, மேடம்” என்கிறார் அவர். ஆற்றுப்படுத்துநரின் முன் இரண்டு உயிர்கள் நிற்கின்றன. ஒன்று, நம்பி வந்தவர். மற்றொன்று, அங்கு வராத அவர் மனைவி. உடனே மனைவியை அழைத்துக் கூறிவிட்டால், ஓட்டுநர் மீண்டும் மையத்திற்கே வராமல் போகலாம், மருந்தும் நின்றுபோகலாம். செய்தி கசிந்தால், சோதனைக்கு வரவிருந்த வேறு பலரும் அஞ்சி விலகுவர். மறைகாத்தல் ஒருவரின் மானத்தைக் காப்பதோடு ஊரின் நலத்தையும் காக்கிறது. அதே வேளையில், எதுவுமே செய்யாமல் இருந்தால் மனைவியும் தொற்றுக்கு ஆளாகக்கூடும்.

ஆற்றுப்படுத்துநர் முதலில் அவரது அச்சத்தைக் கேட்டறிகிறார். எதற்காக மறைக்க விரும்புகிறார்? மனைவி பிரிந்துவிடுவாரோ என்னும் அச்சமா, மாமனார் வீட்டாரின் ஏச்சா, வேலை போய்விடுமோ என்னும் கவலையா? அச்சத்தின் காரணம் தெரிந்தால்தான் அதற்குரிய வழி பிறக்கும். மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டு, குருதியில் கண்டறிய இயலாத அளவிற்குக் கிருமி குறைந்துவிட்டால், உடலுறவின் வழியே தொற்று பரவாது என்பதை அவர் எடுத்துரைக்கிறார். அதுவரை மேற்கொள்ள வேண்டிய பாதுகாப்பையும் விளக்குகிறார். மனைவியும் சோதித்துக்கொள்வது ஏன் இன்றியமையாதது என்பதைப் புரியவைக்கிறார். தனியே கூற அஞ்சினால், மனைவியை மையத்திற்கு அழைத்து வருமாறும் தாம் உடனிருந்து துணைபுரிவதாகவும் கூறுகிறார். இதற்குக் காலவரையறை ஒன்றையும் இருவரும் சேர்ந்து முடிவுசெய்கின்றனர்.

இடையில் ஓட்டுநரின் மைத்துனர் தொலைபேசியில் அழைத்து, “எங்க மாமா அங்க வந்தாருங்களா? என்ன நோய்ன்னு சொல்லுங்க” எனக் கேட்பதாகக் கொள்வோம். அக்கறையால் கேட்டாலும் அவர் அறிய வேண்டியவர் அல்லர். ‘யார் வந்தார், வரவில்லை என்பதை நாங்கள் எவரிடமும் கூறுவதில்லை’ என்பதே ஏற்ற விடை. ‘வந்தார், ஆனால், நோயைச் சொல்ல இயலாது’ என்று கூறினால் பாதி மறை வெளிப்பட்டுவிடும்.

ஓட்டுநரே மனைவியிடம் கூறிவிட்டால், ஆற்றுப்படுத்துநர் எதையும் வெளியிட வேண்டிய தேவையே எழாது. நன்னெறி முதலில் நாடுவது இம்முடிவைத்தான். பலமுறை எடுத்துரைத்தும் அவர் உறுதியாக மறுத்தால் மட்டுமே சட்டம் வகுத்த இறுதிப்படிக்குச் செல்ல நேரும். அப்போதும் அறிபவர் மனைவி ஒருவரே.

முடிவெடுக்க உதவும் வினாக்கள்

இத்தகைய சூழல்களில் ஆற்றுப்படுத்துநர் தம் விருப்பு வெறுப்பின்படி முடிவெடுத்தல் தகாது. பின்வரும் வினாக்களை வரிசையாக எழுப்பிக்கொள்வது முடிவைச் செம்மையாக்கும்.

1. தீங்கு யாருக்கு நேரக்கூடும்? அது வெறும் ஐயமா, நெருங்கி வரும் உண்மையான இடரா?
2. உரியவரே உண்மையைக் கூறுமாறு செய்ய இயலுமா?
3. கூறித்தான் ஆகவேண்டும் எனில், அறிய வேண்டியவர் யார்?
4. அவர் எவ்வளவு அறிந்தால் போதும்?
5. வெளியிடப்போவதை நாடி வந்தவருக்கு முன்னரே தெரிவித்தாயிற்றா?
6. வெளியிட்ட பின் இருவருக்கும் நேரக்கூடிய விளைவுகளைத் தாங்கத் துணை யார்?

ஐயம் தீராதபோது, பெயரைக் குறிப்பிடாமல் மூத்த ஆற்றுப்படுத்துநரிடம் கருத்துக் கேட்கலாம். எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதி வைப்பது நலம். காரணத்தை எழுத்தில் வடிக்கும்போது, அவசரத்தில் எடுத்த முடிவின் குறைகள் தாமே வெளிப்படும்.

பள்ளியில் மறைகாத்தல்

மாணவர்களைப் பொறுத்தவரை மறைகாத்தலின் எல்லை சற்று வேறானது. பதினெட்டு வயது நிறையாத ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானதை அறிந்த எவரும், அதனைக் காவல்துறைக்கோ சிறார்க்கான சிறப்புக் காவல் பிரிவிற்கோ தெரிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் ஆணை. தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது. ஆற்றுப்படுத்துநரும் ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். எனவே, ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்’ என எல்லையற்ற வாக்குறுதி அளிப்பது நேர்மையாகாது. ‘உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ இடர் என்றாலும், உனக்கு எவரேனும் தீங்கிழைத்தார் என்றாலும் உதவக்கூடியவரிடம் கூறுவேன், அதை முதலில் உன்னிடமே தெரிவிப்பேன், மற்றவை இவ்வறையை விட்டு வெளியே போகா’ எனத் தொடக்கத்திலேயே எல்லையை உணர்த்துவது முறை. காப்பதாகக் கூறிவிட்டுப் பின் உடைக்கும் வாக்கினும், முன்னரே எல்லை கூறிய வாக்கு நம்பத்தக்கது.

இப்பொறுப்பு ஆற்றுப்படுத்துநரோடு முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலான மாணவர்கள் தம் துயரை முதலில் கூறுவது தோழரிடமே. நம்பிக் கூறிய செய்தியைத் திரைப்பிடிப்பாக எடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது இக்காலத்து அலர். ஊரார் வாய்வழிப் பரவிய அலர் ஒருநாள் ஓயும். கைப்பேசி வழிப் பரவிய அலரை மீட்டெடுத்தல் அரிது. மறுபுறம், ‘வாழப் பிடிக்கவில்லை’ எனக் கூறும் தோழரின் சொல்லை, வாக்களித்துவிட்டோம் என்பதற்காக நெஞ்சில் பூட்டி வைப்பதும் தோழமையாகாது. நம்பத்தக்க ஆசிரியர் அல்லது பெற்றோர் ஒருவரிடம் அதைக் கொண்டுசேர்ப்பதே அறத்தொடு நிற்றல். இயன்றால், அத்தோழரையும் உடன் அழைத்துச் செல்வது மேலும் சிறந்தது.

நாவை அடக்குவதற்குத் தேவையான உறுதியும், பேச வேண்டிய ஒரே வேளையில் உரியவரிடம் பேசுவதற்குத் தேவையான துணிவும் ஓர் அறத்தின் இரு கூறுகள். அவ்விரண்டையும் பெற்றவரே பிறர் துயருக்குச் செவிகொடுக்கத் தகுதியுடையவர்.

தெரிந்து தெளிவோம்

மனநல ஆலோசனை பெற – 14416 (டெலி மானஸ்)
குழந்தைகளுக்கான உதவி எண் – 1098

சொல்லும் பொருளும்

அம்பல் – சிலர் அறிந்து தமக்குள் பேசுவது. அலர் – பலர் அறியப் பேசுவது. மறை – பிறர் அறியாது காக்கப்படும் செய்தி. செவிலி – வளர்ப்புத்தாய். நற்றாய் – பெற்ற தாய். வெறியாட்டு – முருகனை வேண்டி வேலன் ஆடும் ஆட்டம்.

கற்பவை கற்றபின்

1. அலர், அறத்தொடு நிற்றல் ஆகியவற்றிற்கு இடையேயான வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
2. ‘மணமகளின் உரிமையை ஏற்பது, ஊராரின் உரிமையை ஏற்பதாகாது’ – இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. பாடத்தில் வரும் ஓட்டுநருக்கு மாற்றாக, தொற்றுள்ளவர் கணவரின் வன்முறைக்கு அஞ்சும் பெண்ணாக இருப்பின் ஆற்றுப்படுத்துநரின் முடிவு எவ்வாறு அமைய வேண்டும்? ஆறு வினாக்களின் துணையோடு ஒரு பக்க அளவில் எழுதுக.
4. நண்பர் நம்பிக் கூறிய செய்தியைக் காப்பதற்கு உங்கள் வகுப்பு பின்பற்ற வேண்டிய ஐந்து நெறிகளைக் கலந்துரையாடி உருவாக்குக.